சுகாதார நிலையச் செவிலியரின் பதிவுச் சுமையைக் குறைக்கவும் ஆய்வு முறையைத் திருத்தவும் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற சுகாதாரச் செவிலியர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.

பெறுநர்
மாநகர நல அலுவலர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரே விவரத்தைப் பலமுறை பதியும் நடைமுறையை நீக்குதல், மாதாந்திர ஆய்வின் அளவுகோலை மாற்றுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வடசென்னையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இப்போது ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கும் நோயாளியாக ஒரு சுகாதார நிலையத்தின் வரிசையில் நிற்கிறேன். மேசையின் இரு பக்கமும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் இம்மனுவை அளிக்கிறேன். நிலையத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம், அங்கே உழைப்பவர்கள் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை என்பதே.

சென்ற மாதம் என் முறை வந்தபோது, செவிலியர் என் ரத்த அழுத்தத்தை அளந்து முதலில் நோட்டில் எழுதினார். பிறகு கைப்பேசிச் செயலியில் ஏற்றினார். அதன் பின் மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டுக்காகத் தனித் தாளில் ஒரு கோடு போட்டார். அளவு 160/100. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்க அவருக்கு மனம் இருந்தது, நேரம் இல்லை. பத்து நாள் மாத்திரை விட்டுப்போனதை நானும் சொல்லாமல் வந்துவிட்டேன். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பதிவே வேண்டாம் என்பது என் வாதமன்று. கர்ப்பிணிக்குப் பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) இருப்பதால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியைக் கேட்டுப் பெற முடிகிறது. காசநோயாளியின் ஊட்டச்சத்துப் பணமும் நிக்ஷய் என்னும் காசநோயாளர் இணையதளப் பதிவை நம்பியே வங்கிக்கு வருகிறது. வீடு தேடி மாத்திரை தர 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் பயனாளிகள் பட்டியல் இல்லாமல் நடக்காது. ஆனால், புதிய செயலி ஒவ்வொன்று வந்தபோதும் பழைய நோட்டை நிறுத்தச் சொல்லி ஓர் ஆணை வந்ததாக என் பணிக்காலத்தில் எனக்கு நினைவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆய்வுக் கூட்டத்தில் இருக்கிறது. நான் சென்ற கூட்டங்களில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்றே கேட்டார்கள். காசிமேட்டில் கடலிலிருந்து திரும்பும் மீனவர் ஒருவரை நிறுத்தி ரத்த அழுத்தம் அளந்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். அதே மனிதரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து, ஆறு மாதத்தில் 140/90-க்குக் கீழே கொண்டுவந்தால் செவிலியரின் கணக்கில் எதுவும் கூடாது. ஆகவே மாதக் கடைசியில், முன்பே பார்த்தவர்களை மீண்டும் அளந்து இலக்கை எட்டுவது எளிதாகிறது. நானும் அதைச் செய்திருக்கிறேன். இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல: இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில், அவசரப் பிரிவுக்கு வந்தவரை 4 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, கெடு முடியும் கடைசி நிமிடங்களில் நோயாளிகள் திரளாக வார்டுக்கு மாற்றப்பட்டதை அந்நாட்டுக் கணக்குகளே காட்டின.

எனவே, செயலியில் ஏற்றிய விவரத்தை நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் மறுபடி கேட்கக் கூடாது என எழுத்துமூலம் ஆணையிடுமாறும், புறநோயாளிகள் வரும் காலை வேளையில் ரிப்போர்ட் கேட்டு அழைப்பதைத் தவிர்க்குமாறும், ஆய்வில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தோர் எத்தனை பேர், மாத்திரையை நிறுத்திப் பின் திரும்பி வந்தோர் எத்தனை பேர் என்பதை முதலில் கேட்குமாறும் வேண்டுகிறேன். எண்ணிக்கை குறைந்த மாதத்தில் மெமோ கொடுக்கும் முன், அந்த மாதம் எத்தனை செவிலியர் பணியிடம் காலியாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

தாங்கள் அழைத்தால், எந்த விவரம் எத்தனை இடத்தில் திரும்ப எழுதப்படுகிறது என்பதை நேரில் வந்து விளக்கத் தயாராக உள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)