செப்டம்பரிலேயே கேட்டுவிடு

7 செப்டம்பர் 2025, ஞாயிறு
பிடோக், சிங்கப்பூர்

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூத்தவனுக்கு இந்த மாதக் கடைசியில் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அவன் படிக்க உட்கார்ந்தால் எதிரே நானும் உட்கார வேண்டும், எழுந்தால் அவனும் எழுந்துவிடுவான். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. மருந்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வானொலி கேட்கிறார். பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பணிப்பெண்ணுக்கு என்ன வாங்குவது, நவம்பரில் சேர்ந்து கடைக்குப் போவோமா என்று கேட்டிருந்தாய். நவம்பர் ரொம்பத் தாமதம், வள்ளி. அதைச் சொல்லத்தான் முக்கியமாக இன்றைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 1ஆம் தேதி காலையிலேயே எங்கள் வீட்டுப் பணிப்பெண் ஆத்தே கைப்பேசியில் கிறிஸ்துமஸ் பாட்டு வைத்துவிட்டார். பிலிப்பீன்ஸில் 'பெர்' என்று முடிகிற முதல் மாதம் பிறந்தாலே கிறிஸ்துமஸ் காலம் பிறந்ததாகக் கணக்கு. ஆத்தே என்றால் தகாலோக் மொழியில் அக்கா. பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்ட என் மாமியார் அதை 'அத்தை' என்றே எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இளையவனை ஏழு மாதத்திலிருந்து தூக்கி வளர்த்தவர் அவர்தானே.

அவர் வந்த முதல் வருஷம் நான் செய்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 24ஆம் தேதி ராத்திரி அலுவலக நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருந்தோம். எல்லாரும் கிளம்பும்போது மணி பதினொன்றரை. ஆத்தே தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் அழகாகச் சுற்றிய ஒரு கைப்பையை நீட்டினேன். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டு மறுபடி தட்டுக்குத் திரும்பினார்.

பத்து மாதம் கழித்து ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால் கூடத்தில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று. அதற்குள் அந்தக் கைப்பை. உள்ளே திணித்த காகிதம்கூட எடுக்கவில்லை, விலைச்சீட்டு வெட்டிய நூல் அப்படியே தொங்கியது. தங்கைக்கு அனுப்புகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி படுத்த பிறகும் அதே நினைப்பு. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அந்தப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போக அவருக்கு மாதத்துக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது. வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் என்று இங்கே 2013லிருந்தே விதி இருக்கிறது. அவர் சம்மதித்தால் காசு கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி வாங்க முடியாது என்று 2023இல் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கட்டாயமான ஒரு நாளை மட்டும் விட்டுவிட்டு மிச்ச ஞாயிறுகளை நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தோம். சட்டப்படி குற்றமில்லை. எனக்குத்தான் அது சரியாகப் படவில்லை. அடுத்த மாதமே எல்லா ஞாயிறும் அவருக்கு என்று ஆக்கிவிட்டோம். பரிசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நீ இதைப் பார்த்துக்கொள்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாலிக்பாயன் பெட்டி என்பார்கள். பாலிக் என்றால் திரும்புவது, பாயன் என்றால் தாய்நாடு. கப்பலில் அனுப்புகிறவர்கள் எடை பார்ப்பதில்லை, பெட்டியின் அளவுக்குத்தான் காசு. அதனால் காற்றுப் புகக்கூட இடம் விடாமல் அடுக்குவார்கள். அன்றைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடியில் கார்ன்ட் பீஃப் டின்கள், அவற்றைச் சுற்றித் துண்டுகள், துண்டு மடிப்புக்குள் சோப்பு. மகளின் காலணிக்குள் காப்பிப் பொட்டலங்களைச் சொருகினார். அந்தக் காலணியை வாங்க ஒரு நூல் வைத்திருந்தார். அங்கிருந்து தங்கை கைப்பேசியில் சொன்ன அளவுக்கு வெட்டிய நூல். கடையில் ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் விட்டுப் பார்த்தாராம். வாங்கிய பிறகும் அதைத் தூக்கிப் போடவில்லை, பர்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஊரிலிருந்து பாட்டி ஈர்க்குச்சியில் பிள்ளைகளின் கால் அளவை ஒடித்துக் கடிதத்தோடு அனுப்புவாராம். கோடாலித் தைலமும் கைலியும் சட்டைத் துணியுமாக டிரங்குப் பெட்டியை நிரப்பிக்கொண்டு தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்குவார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி பரண் மேல் கிடந்ததே, நாம் ஏறி உட்கார்ந்து விளையாடுவோமே. அந்தக் கைப்பையை அதற்குப் பிறகு நான் வருத்தத்தோடு நினைக்கவே இல்லை.

பெட்டி கப்பலில் போய்ச் சேர ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடும், பண்டிகை நேரத்தில் இன்னும் இழுக்கும். டிசம்பரில் நீ கொடுக்கிற எதுவும் அதில் ஏறாது. ஆகவே இந்த வாரமே கேள். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம், மேடம்" என்பதுதான் பதிலாக வரும். "பெட்டி எப்போது கட்டுகிறீர்கள், இந்தத் தடவை பெட்டிச் செலவு என்னுடையது, உள்ளே என்ன போட வேண்டும்" என்று கேள். பேச்சு தானாக வரும். நாங்கள் மூன்று வருஷமாக அப்படித்தான் செய்கிறோம். பிள்ளைகளும் கடைக்குப் போய் ஆளுக்கொரு பொருள் எடுத்துப் போடுகிறார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். பழைய துணியைக் கொடுத்துவிட்டு அதைப் பரிசு என்று சொல்லாதே. அவர் வேண்டுமென்று கேட்டால் கொடு, அது வேறு.

பணம் கொடுப்பதா என்று தயங்கியிருந்தாய். தாராளமாகக் கொடு. சென்னையில் இருந்தபோது தீபாவளிக்குப் புடவையும் ஒரு மாதச் சம்பளமும் கொடுப்பாயே, அதே வழக்கம்தான். அவர்கள் நாட்டில் அதற்குச் சட்டமே இருக்கிறது. டிசம்பர் 24க்குள் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் என்று 1975இல் கொண்டுவந்தார்கள், 2013இல் வந்த சட்டம் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் அதை உறுதியாக்கியது. இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் டிசம்பர் என்றால் ஒரு மாதம் கூட வரும் என்று பழகிய மனசு அவர்களுடையது. சம்பளத்தோடு கலக்காமல் தனி உறையில் போட்டு, பிள்ளையின் கையால் கொடு. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர், செலவழித்துவிடுவார்கள், நாமே சேர்த்து வைக்கலாம் என்பார்கள். கேட்காதே. பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி கையில் வைத்திருக்கவே கூடாது என்று 2019இலிருந்து விதி.

மெத்தை, மின்விசிறி, படுக்கை விளக்கு இதெல்லாம் வாங்கலாமா என்று கடைசியில் ஒரு பட்டியல் போட்டிருந்தாய். எல்லாவற்றையும் வாங்கு, நாளைக்கே வாங்கு. பரிசுக் கணக்கில் மட்டும் எழுதாதே. வந்த முதல் நாளே அந்த அறையில் இருந்திருக்க வேண்டியவை அவை. அலமாரிக்குப் பூட்டும் சேர்த்துக்கொள்.

பாப்பாவின் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்ற யோசனை அழகுதான். ஆனால் உன் பெண்ணை அவர் நாளெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். போன வருஷம் நான் ஆத்தேயிடம், உங்கள் கைப்பேசியில் இருக்கிற உங்கள் பிள்ளைகளின் படங்களில் பிடித்தவற்றை எடுத்துக் கொடுங்கள், அச்சடித்துத் தருகிறேன் என்றேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பன்னிரண்டு எடுத்தார். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். துணி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிற்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அவர்களுக்குப் பெரியது. ஊரில் டிசம்பர் 16இலிருந்து ஒன்பது நாள் விடியுமுன் பூசைக்குப் போவார்களாம். 24ஆம் தேதி நள்ளிரவில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுவது நோச்சே புவேனா. அவருடைய ஊர் பத்தாங்காஸ். அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒன்றே. அப்படியென்றால் முதல் வருஷம் நான் பையை நீட்டியபோது அங்கே மேசையில் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். இது எனக்குத் தெரிந்தது அடுத்த வருஷம்தான், அவராகச் சொல்லி. இப்போதெல்லாம் 24 மதியத்திலிருந்து 26 காலை வரை அவர் நேரம் அவருடையது. விருந்தாளிகளை நாங்கள் வேறு நாளுக்கு அழைக்கிறோம். இந்த வருஷம் 24 புதன்கிழமை, இப்போதே உன் அலுவலகத்தில் லீவு சொல்லி வை.

இந்தத் தடவை நான் கேட்டதற்கு ஆத்தே வேறு பதில் சொன்னார். பெட்டி வேண்டாமாம். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள், மார்ச் கடைசியில் பட்டமளிப்பு. பத்தாவது முடித்தபோது இவர் இங்கே எங்கள் சின்னவனுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார். "கிறிஸ்துமஸுக்கு எதுவும் வேண்டாம், அந்த நாலு நாள் மட்டும் கிடைக்குமா?" என்று பாத்திரத்தைப் பார்த்தபடியே கேட்டார். நான் கேட்காமல் இருந்திருந்தால் இதை அவர் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. நாலு நாள் எதற்கு, பத்து நாள் போய் வாருங்கள் என்றார் என் கணவர். சம்பளம் பிடிக்கப் போவதில்லை. மணிலாவுக்குப் போகவர டிக்கெட்டை நேற்று ராத்திரி மூன்று பேருமாக உட்கார்ந்து எடுத்தோம். பெட்டியும் போகும், அதை விடவில்லை. பட்டமளிப்பு அன்று மகள் போட்டுக்கொள்ள வெள்ளைக் காலணி வேண்டுமாம், நூல் இந்தத் தடவை கொஞ்சம் நீளம்.

அந்தப் பத்து நாளும் பிள்ளைகளை நானும் என் கணவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் எனக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது. மார்ச் 30, 31 சின்னவனை உன் வீட்டில் விடலாமா? பாப்பாவோடு சண்டை போட மாட்டான், நல்ல பிள்ளை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, 19ஆம் தேதி, முறுக்கு சுடுகிறோம். ஆத்தேக்கு அன்று ஓய்வு, ஆகவே எனக்கு ஒரு கை தேவை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிடு. வரும்போது அவளுடைய சட்டை அளவை எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
மீனா