டயாலிசிஸ் மையங்களில் தண்ணீர் நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். புதிதாக ஒரு மையம் திறந்தால் விளம்பரத்தில் இறக்குமதி மெஷின், சாய்வு நாற்காலி, ஏசி, டிவி எல்லாம் வருகிறது. டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையைப் படம் பிடித்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

குடிக்கிற தண்ணீருக்குக் குடல் காவல் இருக்கிறது. டயாலிசிஸில் அது கிடையாது. நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம், பெரும்பாலும் தண்ணீர்தான், ரத்தத்துக்கு மிக அருகில், மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது.

குடிநீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் நம் வயிற்றை ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் கலந்தாலோ சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆர்.ஓ.வால் மட்டும் அதைத் தடுக்க முடியாது, கரி நிரப்பிய கார்பன் டேங்க்தான் பிடித்துவைக்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு டேங்குகளை அடுத்தடுத்து வைத்து, முதல் டேங்கைத் தாண்டி வரும் தண்ணீரை ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் சோதிக்கச் சொல்கிறார்கள். குளோரமினையும் சேர்த்து மொத்த குளோரின் லிட்டருக்கு 0.1 மி.கி.யைத் தாண்டக் கூடாது. சில நிமிட வேலை. ஆனால் முதல் ஷிப்ட் நோயாளிகள் வாசலில் வந்து நிற்கும்போது முதலில் விட்டுப்போவதும் இதுதான். மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே அளவு என்று எழுதிய நோட்டை ஒரு மையத்தில் பார்த்தேன். கேட்டால், "ஆடிட் வருதுல்ல சார், அதான் நிரப்பி வச்சோம்" என்றார்கள்.

1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில், பாசி நஞ்சு கலந்த தண்ணீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் டயாலிசிஸுக்குப் போனது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மெஷின் எத்தனை, படுக்கை எத்தனை என்று எண்ணிப்பார்த்து உரிமம் கொடுப்பது போதாது. அன்றைய குளோரின் அளவை, சோதித்த நேரத்தோடு, நோயாளிகள் கண்ணில் படும்படி பலகையில் எழுதட்டும். பாக்டீரியா, எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) சோதனை முடிவுகளைக் கேட்பவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கட்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் உண்டா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள், நல்லதுதான். தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. தெரிந்தவர்களும் தயங்குகிறார்கள், நாளைக்கு ஊசி போடப்போகிறவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது?

அதனால் நோயாளியைக் கேட்கச் சொல்வதோடு அரசு நின்றுவிடக் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் போய், மெஷினுக்குத் தண்ணீர் வரும் இணைப்பிலேயே மாதிரி எடுக்க வேண்டும். எடுப்பவர் அந்த மையத்தின் ஆளாக இருக்கக் கூடாது என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டயாலிசிஸ் டெக்னீஷியன் ஒருவர்