முதல் பேஸ் பக்கத்தில் நின்றவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "மெட்ஸ்ல கோச்சுகளை எல்லாம் அனுப்பிட்டு மேனேஜரை மட்டும் வச்சிருக்காங்களே, இது என்ன நியாயம்ப்பா?" என்றாய். எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நம் நியூயார்க் பேஸ்பால் டீம் மெட்ஸின் கதை உனக்குத் தெரிந்ததுதான். 2025 ஜூன் 12 அன்று 45 வெற்றி, 24 தோல்வி. அன்றைக்கு மேஜர் லீகிலேயே முதலிடம். அதற்கப்புறம் 38 வெற்றி, 55 தோல்வி. செப்டம்பர் 28, மயாமியில் கடைசி ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் நம் ஆள் நிற்க, நம் அலோன்சோ அடித்த அடி நேராக லெஃப்ட் ஃபீல்டர் கைக்குள் போய் விழுந்தது. 4-0 என்று தோற்றோம். சின்சினாட்டியும் நம்மைப் போலவே 83-79தான், ஆனால் நேருக்கு நேர் ஆடியதில் அவர்கள் கை ஓங்கியிருந்ததால் பிளேஆஃப் அவர்களுக்குப் போயிற்று. நான் டிவியை அணைத்துவிட்டுப் பிள்ளையார் கோயில் கேன்டீனுக்கு நடந்தேன். அங்கேயும் இரண்டு பேர் மெட்ஸ் தொப்பியோடு தோசையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் பந்துவீச்சைப் பார்க்கும் பிட்ச்சிங் கோச் ஹெஃப்னர், ஹிட்டிங் கோச்சுகள் சாவேஸ், பார்ன்ஸ், மூன்றாம் பேஸ் கோச் சார்பா எல்லோருக்கும் வெளியே போகக் கதவு திறந்துவிடப்பட்டது. பெஞ்ச் கோச் கிப்பன்ஸ் தானாகவே விலகிக்கொண்டார்.

ஹெஃப்னர் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. மூன்று மேனேஜர்களுக்குக் கீழ் ஆறு சீசன் இருந்தவர். இந்த வருஷம் அவர் கையில் வந்து போன பிட்ச்சர்கள் 46 பேர். மேஜர் லீகில் அதுவரை எந்த டீமும் ஒரே சீசனில் அதற்கு மேல் ஆட்களை இறக்கியதில்லை. ஜூன் 12 அன்றே பிட்ச்சர் செங்கா, அலோன்சோ உயரமாக வீசிய பந்தை எட்டிப் பிடிக்கப் போய்த் தொடையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவருடைய இஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த சராசரி ரன், வெறும் 1.47. திரும்பி வந்த ஆள் பழைய ஆளாக இல்லை. மெகில், கானிங் என்று வரிசையாகப் படுத்தார்கள். இதில் கோச் என்ன செய்வார்? ஆனால் பாதி ஆட்டத்தில் வந்து வீசும் ரிலீவராக இருந்த ஹோம்ஸ், மேஜர் லீகில் ஒரு சீசனில் 70 இன்னிங்ஸுக்கு மேல் போடாதவர், இந்த வருஷம் ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டராகி 165 இன்னிங்ஸ் போட்டார். அதையும் ஹெஃப்னர் கணக்கில் எழுத வேண்டுமா இல்லையா? மறுபக்கம், ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குப் போன பிட்ச்சர் பீட்டர்சன் சீசனின் இரண்டாம் பாதியில் சரிந்தபோது சரிசெய்யவும் முடியவில்லை. அதையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

ஹிட்டிங் பக்கம் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஒன்பதில் எட்டு இன்னிங்ஸ் முடிந்து பின்தங்கியிருந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட இவர்கள் ஜெயிக்கவில்லை. ஒன்றைக்கூட!

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று உன் பாட்டி சொல்வாள். அந்த ஸ்டார்ட்டர்களை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று முடிவு செய்தவர் டீமுக்கு ஆள் எடுக்கும் தலைவர் ஸ்டர்ன்ஸ். மேனேஜர் மெண்டோசாவைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஹெஃப்னரும் சாவேஸும் பார்ன்ஸும் அவருக்கு முன்பே இருந்தவர்கள். தான் வைத்த ஆளை அனுப்பினால் தன் கணக்கும் தப்பு என்றாகிவிடும் அல்லவா? இது என் சந்தேகம்தான். 2024இல் மெண்டோசா முதல் வருஷத்திலேயே டீமை என்எல்சிஎஸ், அதாவது நேஷனல் லீக் இறுதிச் சுற்று வரை கொண்டுபோனதும் உண்மை.

இப்போது முதல் பேஸ் கோச் ரிச்சர்ட்சனுக்கு வருகிறேன். ஆகஸ்டில் நானும் அம்மாவும் மெட்ஸ் மைதானமான சிட்டி ஃபீல்டின் மேல் தளத்தில் உட்கார்ந்திருந்தோமே, போட்டோ அனுப்பினேனே, அன்றைக்கு நான் ஆட்டத்தைவிட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் சோட்டோ வாக் வாங்கி, அதாவது பந்தை அடிக்காமலே, முதல் பேஸுக்கு வந்தார். முழங்கைக் காப்பைக் கழற்றி ரிச்சர்ட்சன் கையில் கொடுத்தார். இவர் அதை வாங்கிக்கொண்டே காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். பிட்ச்சர் காலைத் தூக்கியதுதான் தாமதம், அந்தக் கனத்த உடம்பு இரண்டாம் பேஸை நோக்கிப் பறந்துவிட்டது. லாகார்டியாவில் இறங்கும் விமானச் சத்தத்தில் அம்மாவுக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை. சோட்டோ வேகமான ஆள் இல்லை. இப்படி அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பதுதான் ஸ்டீல். அதற்கு முன் ஒரு சீசனில் அவருக்கு அதிகபட்சம் 12 ஸ்டீல். இந்த வருஷம் 38. பிட்ச்சர் எந்த நொடியில் அசைவான் என்று படிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

அந்த ஆளைத்தான் சம்பளப் பேச்சு படியாமல் விட்டுவிட்டார்கள். அவர் அட்லாண்டா டீமில் சேர்ந்துவிட்டார். சோட்டோவுக்கு 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் எழுதிக்கொடுத்த இடத்தில், பாரேன்.

நீ முதல்தடவையாக ஆறு பேருக்கு வருஷ ரிப்போர்ட் எழுதப்போகிறாய் என்றாயே, அதனால்தான் இவ்வளவும். பஸ் டிப்போவில் நானும் எழுதியிருக்கிறேன். ஒரு குளிர்காலம் நிறைய வண்டிகள் பாதி வழியில் நின்றன. மேலே கேட்டார்கள், நான் ஒரு மெக்கானிக்குக் குறைத்து மார்க் போட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் வராததற்கு அவர் என்ன செய்வார்? புதிதாக வந்த பையன்கள் பிரேக் வேலையை அவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள். ஃபார்மில் அதற்குக் கட்டம் இல்லை, நானும் எழுதவில்லை. அடுத்த மாதமே வேறு டிப்போவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். போகும்போது தன் டார்ச் லைட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சமையலறை டிராயரில் இருக்கிறதே, அதுதான்.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஊறுகாய் பாட்டிலை இரண்டு கவருக்குள் போடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சீசனில் அட்லாண்டா டீம் இங்கே சிட்டி ஃபீல்டுக்கு வரும்போது நீ சியாட்டிலிலிருந்து வர முடியுமா என்று பார். டிக்கெட்டை முதல் பேஸ் பக்கமாக எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா