பந்தையும் எண்ணுங்கள்: கல்லூரி பேஸ்பால் விதிக்குழுவுக்கு ஓர் அம்மாவின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விதிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஆட்டத்தில் ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) எத்தனை பந்து வீசலாம் என்பதற்கு எல்லை வையுங்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை உங்களுக்கு எழுதிவிட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இரண்டு முறையும் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. அதனால் இந்த முறை என் மொழியில், எங்கள் ஜனங்கள் படிக்கும்படி எழுதுகிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, அமெரிக்காவுக்கு வந்து, பிள்ளை ஆசைப்பட்டான் என்று பேஸ்பால் கிளவ் வாங்கிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

என் மகன் ஒஹாயோவில் ஒரு சிறு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வலது கை பிட்சர். கல்லூரியின் பெயரையோ கோச்சின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. "அம்மா, கோச்சைத் திட்டி எதுவும் எழுதிடாதே" என்று அவன் கேட்டுக்கொண்டான். எனக்கும் அந்த மனிதர் மேல் பகை கிடையாது. அவரைத் தடுக்க ஒரு வரி விதிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

அவன் ஆட ஆரம்பித்த ஒன்பது வயதிலிருந்து அவன் வீசும் ஒவ்வொரு பந்தையும் எண்ணி வருகிறேன். கையில் சிறிய கிளிக்கர் ஒன்று வைத்திருப்பேன். முதல் பந்துக்கு மட்டும் "ஒன்று" என்று சொல்ல மாட்டேன், "லாபம்" என்பேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் களத்தில் அப்பா நெல் அளக்கும்போது முதல் மரக்காலை அப்படித்தான் சொல்வார். லாபம், ரெண்டு, மூணு. ஆட்டத்தின் நுணுக்கம் எனக்குப் பிடிபட ஐந்தாறு வருஷம் ஆனது. எண்ணிக்கை முதல் நாளே பிடிபட்டுவிட்டது.

இந்த ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. குளிரென்றால் மூச்சு புகையாக வரும் குளிர். பந்து வீசும் மேடான மவுண்டில் அவன் ஏறினான். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்தபோது கிளிக்கரில் 96. போதும், இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். இறக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸ் முடிவில் 127. ஜெயித்தார்கள், எல்லோரும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவன் வலது தோளை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் ஒதுங்கி நின்றதை மேலே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னிலை, எதிர் அணியின் இரண்டு பேர் ரன்னுக்குத் தயாராகப் பேஸில். மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் புல்பென்னிலிருந்து ஒருவன் ஓடி வருகிறான். நடையைப் பார்த்ததும் என் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. முப்பத்து நான்கு பந்துகள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மொத்தம் 161. புல்பென்னில் உடம்பைச் சூடேற்ற வீசியதை நான் இதில் சேர்க்கவில்லை. அவன் முழங்கை அதையும் சேர்த்துத்தான் கணக்கு வைத்திருக்கும்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தான். வத்தக்குழம்பு, அப்பளம், அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல். தட்டில் சாதம் போட்டேன். ஸ்பூன் கேட்டான். என் கையால் உருண்டை வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளை, வத்தக்குழம்புக்கு ஸ்பூன் கேட்டான். அதையும் இடது கையில் பிடித்தான். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் அம்மா வீடியோவில் வந்தார். "என்னடா ராசா, சோத்துக் கைய விட்டுட்டுப் பீச்சாங்கையால திங்கிற?" என்றார். "சும்மாதான் பாட்டி" என்று சிரித்தான். வலது கை மேஜைக்கு அடியில் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். முழங்கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் தொடை மேல் வைத்திருந்தான். உள்பக்கம் வீங்கியிருந்தது.

நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முழங்கையின் உள்பக்கத் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்து, திரும்ப மவுண்டில் ஏற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் பிட்சர் டாமி ஜானுக்குச் செய்த அதே சிகிச்சை. டாமி ஜான் அதற்குப் பிறகு திரும்பி வந்து 164 ஆட்டங்கள் ஜெயித்தார் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அவர் தொழில்முறை ஆட்டக்காரர். திரும்பி வர அவருக்கு ஓர் அணி காத்திருந்தது. என் பிள்ளைக்குக் கல்லூரியில் மீதம் இருப்பதே ஒரு வருஷம்தான்.

"ஏண்டா ஞாயிற்றுக்கிழமை போனே?" என்று கேட்டேன். "கோச் முடியுமான்னு கேட்டார். முடியும்னு சொன்னேன்" என்றான்.

ஐயா, அம்மா, இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். கூட ஆடுகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ரன் முன்னிலையில், இருபது வயதுப் பையனிடம் "முடியுமா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? முடியாது என்று சொன்னவன் அடுத்த வாரம் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தோற்றால் தன் வேலைக்கு ஆபத்து என்று கோச்சுக்கும் தெரியும். அந்தக் கேள்வியை அவர் கேட்கும் நிலையே வரக்கூடாது. அவனுக்குப் பதிலாக விதிப் புத்தகம் "முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டும்.

எப்படி எழுதுவது என்று நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் 2007 முதல் பந்து எண்ணிக்கைக்கு எல்லை இருக்கிறது. பதினோரு, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 85. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு எண்ணிக்கையை வைத்து ஓய்வு விதி எழுதியே ஆக வேண்டும் என்று 2017இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிகள் ஆடும் கோஷியென் போட்டி பிள்ளைகளின் கையைப் பிழிந்தெடுப்பதற்குப் பேர்போனது. அங்கேயே 2020இல் ஒரு பிட்சருக்கு வாரத்துக்கு 500 பந்துகள் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். என் மகனுக்குப் பன்னிரண்டு வயதில் விதி இருந்தது, பதினேழு வயதிலும் இருந்தது. கல்லூரி வாசலை மிதித்ததும் அந்த விதி காணாமல் போய்விட்டது. கை அதே கைதான்.

நீங்கள் எதையும் அளக்காதவர்கள் என்று சொல்ல மாட்டேன். மட்டையிலிருந்து பந்து எவ்வளவு வேகமாகத் துள்ளலாம் என்று அளந்து 2011 முதல் கட்டுப்படுத்தினீர்கள். பந்துக்கும் பந்துக்கும் இடையே 20 வினாடி என்று கடிகாரம் வைத்திருக்கிறீர்கள். வினாடியை எண்ண ஆள் போட்டிருக்கிறீர்கள். பந்தை எண்ண எங்களைப் போன்ற அம்மாக்களை விட்டுவிட்டீர்கள்.

2009 மே 30ஆம் தேதி ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் பாஸ்டன் காலேஜும் ஆடிய 25 இன்னிங்ஸ் ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏழு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. டெக்சாஸ் 3-2 என்று ஜெயித்தது. இடையில் இறங்கிய ஒரு பிட்சர் தனியாளாக 13 இன்னிங்ஸ் நின்று 169 பந்துகள் வீசினார். அதை வீரம் என்று இன்றைக்கும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் வீரத்தை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அன்று ராத்திரியே உங்கள் குழுவில் யாராவது ஒருவர் பேனாவை எடுத்திருக்க வேண்டாமா?

ஆட்ட அட்டவணையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிப்ரவரியில் எங்கள் ஊரில் மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும். பிள்ளைகள் ஜிம்மின் மரத்தரையில் பழகுவார்கள். மார்ச் விடுமுறையில் ஃபுளோரிடாவுக்குப் போய் ஒரு வாரத்தில் எட்டு, பத்து ஆட்டம். திரும்பி வந்தால் மழை. தள்ளிப்போன ஆட்டங்களை எல்லாம் ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு ஆட்டமாக, டபுள்ஹெடர், டபுள்ஹெடர் என்று திணிப்பார்கள். நான்கு பிட்சர் தேவைப்படும் வாரத்தில் நம்பி இறக்க இரண்டு பேர்தான் இருப்பார்கள். எங்களுடையது மூன்றாம் பிரிவுக் கல்லூரி. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. நாங்கள்தான் பணம் கட்டுகிறோம், பிள்ளைகள் ராத்திரி பஸ்ஸில் செல்போன் வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். சுவரொட்டியில் மட்டும் "முதலில் மாணவன்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. முதலில் மாணவன் என்றால் அவன் கை பேனா பிடிக்கவும் வேண்டும் அல்லவா?

அந்த அட்டவணையை இந்த வருஷமே மாற்றித்தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் தொலைக்காட்சி, பணம், தேர்வுத் தேதி என்று பல கை இருக்கிறது. நான் கேட்பது உங்கள் கை மட்டுமே பட்டால் நடக்கக்கூடியது. பந்தை எண்ணுங்கள். எல்லை வையுங்கள். ஓய்வு நாளை எழுதுங்கள்.

எண்ணிக்கை மட்டுமே காயத்துக்குக் காரணம் இல்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு, வேகத்தைத் துரத்தி வீசுவதால்தான் கைகள் போகின்றன என்று தொழில்முறை அணிகளின் மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. மெதுவாக வீசு என்று விதி எழுத முடியாது. இத்தனைக்கு மேல் வீசாதே என்று எழுத முடியும். சிறு கல்லூரிகளில் பிட்சர்கள் போதமாட்டார்கள் என்றும் சொல்வீர்கள். எல்லை இரண்டு அணிக்கும் ஒன்றுதானே? எதிர் அணியும் தன் மூன்றாவது, நான்காவது பையனை இறக்கித்தான் தீர வேண்டும். எங்கள் அணியில் வருஷம் முழுக்கப் பழகிவிட்டு, இரண்டே இன்னிங்ஸ் வீசிய பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் ஆட்டத்துக்கு வருகிறார்கள்.

மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் கொண்டுவந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல் இருக்கிறது. 19 முதல் 22 வயது வரை ஒரு நாளில் 120க்கு மேல் வேண்டாம், 81 முதல் 105 வரை வீசினால் நான்கு நாள் ஓய்வு, 106ஐத் தொட்டால் ஐந்து நாள் என்கிறது. வெறும் வழிகாட்டுதலாக இருப்பதை விதியாக்குங்கள். இரண்டு அணியின் ஸ்கோரரும் எண்ணி, ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் சரிபார்த்து, நடுவரிடம் சொல்லட்டும். அந்த விதி இருந்திருந்தால் என் மகன் வெள்ளிக்கிழமை 120ஓடு இறங்கியிருப்பான், ஞாயிற்றுக்கிழமை புல்பென் கதவே அவனுக்குத் திறந்திருக்காது.

போன வாரம் எங்கள் மைதானத்தில் கடைசி ஆட்டம். ஆட முடியாவிட்டாலும் சீருடை போட்டுக்கொண்டு போனான். காயம்பட்ட பிட்சருக்குக் கொடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அணி உட்காரும் டக்கவுட்டில் உட்கார்ந்து, வலது கையில் பட்டையோடு, இடது கையால் கோணல்மாணலாக, வீசுகிறவனின் ஒவ்வொரு பந்தையும் தாளில் குறித்துக்கொண்டிருந்தான். வீசியது முதலாம் ஆண்டுப் பையன். மேலே நானும் பழக்கத்தில் கிளிக்கரை அழுத்திக்கொண்டிருந்தேன். ஏழாவது இன்னிங்ஸ் முடிவில் 118. என் மகன் தாளை கோச்சிடம் நீட்டியதைப் பார்த்தேன். அவர் வாங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், அந்தப் பையனிடம் குனிந்து ஏதோ கேட்டார்.

பையனும் தலையை ஆட்டினான். எட்டாவது இன்னிங்ஸுக்கு எழுந்து போனான்.

அவனுடைய அம்மா எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த பருவத்துக்கான விதிகளைப் பேச உட்காரும்போது இந்த ஒன்றை எடுத்துப் பேசுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த முறையாவது ஒரு மனிதர் கைப்பட எழுதிய பதில் வந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பிட்சரின் அம்மா,
ஒஹாயோ