'அவனுக்குக் குடு': எஸ்.ஐ. பயிற்சியில் இருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. போன வாரம் கல்யாணப் பந்தியில் கேட்டாயே, "போலீஸ்காரனைக் கொன்னவனைத் தூக்குல போட எதுக்கு மாமா இவ்வளவு யோசனை?" என்று. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த இடத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

1952 நவம்பர் 2, ஞாயிறு இரவு. லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில், ஒரு மிட்டாய்க் கிடங்கின் கூரைமேல் திருட ஏறினார்கள் இரண்டு பையன்கள். கிறிஸ்டோபர் கிரெய்குக்கு 16 வயது, கையில் ரிவால்வர். டெரிக் பென்ட்லிக்கு 19. வலிப்பு நோய், எழுதப் படிக்கத் தடுமாறுவான். போலீஸ் வந்தது. ஃபேர்ஃபாக்ஸ் என்ற அதிகாரி மேலே ஏறி பென்ட்லியைப் பிடித்தார். கிரெய்க் சுட்டதில் அவருக்குத் தோளில் காயம், அப்படியும் பின்வாங்கவில்லை. கால் மணி நேரம் கழித்து, கூரைக்கு வரும் கதவைத் திறந்துகொண்டு வந்த கான்ஸ்டபிள் சிட்னி மைல்ஸின் தலையில் குண்டு பாய்ந்தது. அவருக்கு 42 வயது. அங்கேயே முடிந்துபோனார். அந்த இழப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, சரியா?

ஆனால் குண்டு பாய்ந்தபோது பென்ட்லி போலீஸ் பிடியில் இருந்தான். அவனைத் தூக்குமேடைவரை கொண்டுபோனதில் பெரும்பங்கு ஒரே ஒரு வாக்கியத்துக்கு. 'லெட் ஹிம் ஹாவ் இட், கிரிஸ்', அதாவது 'அவனுக்குக் குடு, கிரிஸ்' என்று கிரெய்கைப் பார்த்து அவன் கத்தியதாக அதிகாரிகள் சாட்சி சொன்னார்கள். பையன்கள் இருவருமே மறுத்தார்கள். சொல்லியிருந்தால்தான் என்ன பொருள்? துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிடு என்றா, போட்டுத்தள்ளு என்றா? நம் தெருவில் "அவனுக்குக் குடுடா" என்று ஒருவன் கத்தினால், கொடுக்கச் சொல்வது சாவியையா, உதையையா?

விசாரணை மூன்றே நாள். ஜூரிகள் 75 நிமிடத்தில் குற்றவாளி என்றார்கள், பென்ட்லிக்குக் கருணை காட்டவும் பரிந்துரைத்தார்கள். உள்துறை அமைச்சர் கேட்கவில்லை. 1953 ஜனவரி 28 காலை, வாண்ட்ஸ்வொர்த் சிறையில் தூக்கு. சுட்டவனுக்கு 18 நிரம்பாததால் சிறைதான். 1963இல் வெளியே வந்துவிட்டான்.

உன்னிடம் நான் சொல்ல வந்தது இனிமேல்தான். கோர்ட்டில் ஆயுள் முழுக்க வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவன் நான். கூலிக்காரர், பள்ளிக்கூடப் பையன், பாட்டி எல்லோருமே எங்கள் காகிதத்தில் "மேற்படி சம்பவ இடத்திற்குச் சென்று" என்றுதான் பேசுவார்கள். பென்ட்லியின் வாக்குமூலமும் இதே ஜாதி. கேள்வியே கேட்கவில்லை, அவன் தானாகச் சொல்லச் சொல்ல எழுதினோம் என்று சத்தியம் செய்தது போலீஸ். பிற்பாடு மால்கம் கூல்தார்ட் என்ற மொழியியலாளர் அதை எடுத்து எண்ணினார். 582 சொற்களில் பத்து 'தென்', நம் பேச்சில் 'அப்புறம்'. அவற்றில் பல, சாதாரண மனிதர் சொல்கிற 'அப்புறம் நான்' போல அல்ல, போலீஸ் எழுதுகிற 'நான் அதன் பின்னர்' போன்ற வரிசையில்! 'அவன் துப்பாக்கியைப் பயன்படுத்தப் போகிறான் என்று எனக்குத் தெரியாது' என்றும் அதில் ஒரு வரி. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில்போல இல்லை? அப்படியானால் துப்பாக்கி இருந்தது தெரியும்தானே என்று அந்த வரியே அவனுக்கு எதிராகத் திரும்பியது.

அவன் அக்கா ஐரிஸ் ஓயாமல் போராடினார். 1997இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, அன்று வழக்கை விசாரித்த நீதிபதி காடார்ட் ஜூரிகளுக்கு வழக்கைத் தொகுத்துச் சொன்ன விதமே நியாயமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது.

லீவில் வரும்போது ஒன்று செய். கேஸ் சிலிண்டர்காரனோடு போட்ட சண்டையை உன் அம்மாவைச் சொல்லச் சொல்லி, பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடி எழுது. அப்புறம் அதை அவளுக்கே வாசித்துக் காட்டு. "நான் எப்படா இப்படிப் பேசினேன்?" என்று கேட்பாள், பார்.

அன்புடன்,
மாமா