கட்டபெட்டு வீட்டுக்கு எந்த நெட்?

கோத்தகிரி,
ஐப்பசி 20

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூன்று நாளாக விடாமல் மழை, கரண்டும் வருவதும் போவதுமாக இருந்தது. இன்று காலையில்தான் வெயிலைப் பார்த்தோம். துணிகளை எல்லாம் கொடியில் போட்டுவிட்டு, வாசல் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கட்டபெட்டு அம்மா வீட்டை நீ விற்கவில்லை, ஓடு மாற்றி நீயே குடிவரப் போகிறாய் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டதடி. கட்டபெட்டு பஸ் ஸ்டாப்பில் ஒரே குடைக்குள் நின்று குன்னூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோமே, அந்த இடத்தை இப்போதும் கடக்கும்போதெல்லாம் உன்னை நினைப்பேன். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரில் பொடி எழுத்துகூடப் படிக்கிறார். நான் ரிட்டையர் ஆன பிறகும் கணக்கை விடவில்லை. சாயங்காலம் ஆறு மணி முதல் எட்டரை வரை ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். திருப்பூரில் மூன்று பிள்ளைகள், துபாயில் இரண்டு.

அதனால்தான், வீட்டிலிருந்தே வேலை செய்யப்போகும் மகளுக்காக எந்த இன்டர்நெட் லைன் போடலாம் என்று நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் நிறையவே பதில் இருக்கிறது. உன் மகள் மூன்று கம்பெனிகளின் ஸ்பீடையும் மாத வாடகையையும் அழகாக அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறாள். நன்றாகத்தான் செய்திருக்கிறாள். ஆனால் அது சென்னைக்குப் போட்ட கணக்கு. மலையில் முதலில் எழுத வேண்டிய விஷயம் அதில் இல்லை: கேபிள் அறுந்தால் யார், எத்தனை நாளில் வருவார்கள்?

ஸ்பீடைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். விளம்பரத்தில் 100 எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்கு 100 மெகாபிட், அது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் (எம்.பி.) இறங்கும். வீடியோ மீட்டிங் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நாலு எம்.பி.பி.எஸ். போதும். உன் மகள் மீட்டிங்கில் இருக்க, நீ டி.வி.யில் படம் பார்க்க, மருமகன் போனில் எதையோ பார்க்க, எல்லாவற்றுக்கும் 40, 50 தாராளம். 300-க்குப் பணம் கட்டாதே. அவளுக்கு அதைவிட முக்கியம் அப்லோடு. வேலை செய்கிறவர்கள் அனுப்பவும் வேண்டும் அல்லவா? கீழே வரும் ஸ்பீடை மட்டும் சொல்லி மேலே போவதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. கேட்டு வாங்கு.

நினைவிருக்கிறதா, 2005-ல் பி.எஸ்.என்.எல். முதல்முதலாக பிராட்பேண்ட் கொண்டுவந்தபோது 256 கே.பி.பி.எஸ்., அதாவது கால் எம்.பி.பி.எஸ். இருந்தாலே அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர். 3 எம்.பி. போட்டோ ஒன்று இறங்க ஒன்றரை நிமிஷம் ஆகும். உன் மகளின் முதல் பிறந்தநாள் படங்களை நீ மெயிலில் அனுப்பினாய். நானும் இவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து, தலையில் இருந்து கால் வரை கோடு கோடாக அவள் முகம் திரையில் இறங்குவதைப் பார்த்தோம். அது காப்பர் லைன். மழை பெய்தால் ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கி இரைச்சல் வரும், நெட்டும் போய்விடும். அரசாங்கம் 2023-ல்தான் 2 எம்.பி.பி.எஸ்.-ஸாவது இருந்தால் பிராட்பேண்ட் என்று மாற்றியது. இப்போது வருவதெல்லாம் ஃபைபர். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடுகிறது, அதை மழை ஒன்றும் செய்யாது. செய்வதெல்லாம் மரமும் மண்ணும் மாடும்தான்.

செலவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் இருக்கும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 399 என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 471. ஆறு மாதம், ஒரு வருஷம் முன்பணம் கட்டினால் மோடம் இலவசம், ஒரு மாதம் இலவசம் என்பார்கள். அதற்கு மட்டும் ஆசைப்படாதே. முதலில் மாதக் கணக்கில் போட்டு, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முன்பணம் கட்டு. அன்லிமிடெட் என்று சொல்வதிலும் வரம்பு இருக்கும், பல பிளான்களில் மாதம் 3300 ஜி.பி. ஒரு நாளைக்கு 110 ஜி.பி. என்று வருகிறது, உங்கள் வீட்டில் அதில் கால்வாசிகூட ஆகாது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் நாங்கள் ஒரு பெரிய கம்பெனியின் லைனை வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். வாடகை குறைவு, ஸ்பீடும் குறை சொல்ல முடியாது. போன ஐப்பசியில் மேல் வளைவில் ஒரு கற்பூர மரம் சாய்ந்து கேபிளோடு போய்விட்டது. மோடத்தில் சிவப்பு விளக்கு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். 24 மணி நேரத்தில் ஆள் வரும் என்றார்கள். மறுநாள் "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது, இங்கே சிவப்பு விளக்கு அப்படியே எரிகிறது! இப்படி நாலு முறை. மொத்தம் 11 நாள், வசந்தி. திருப்பூர் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. சாயங்காலம் ஆனால் ஸ்வெட்டரும் மப்ளருமாக சர்ச் வளைவுக்குப் போய், போனில் சிக்னல் கிடைக்கும் அந்த மதில் சுவரில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். இருட்டிய பிறகு காட்டெருமை இறங்குகிற வழி அது. இவர் டார்ச்சோடு பக்கத்திலேயே நிற்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் குழந்தைகள் என்னை நம்பி இருந்தார்கள்.

புகார் எண்களை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். கஸ்டமர் கேரில் தீராவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டுக்கென்று தனி அதிகாரி இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அவருக்கு எழுதியதும் 11 நாள் வாடகையைக் கழித்தார்கள். உனக்கும் எப்போதாவது உதவும், எண்ணைக் குறித்து வைக்க மறக்காதே.

அதற்குப் பிறகுதான் உள்ளூர் ஆபரேட்டரிடம் மாறினோம். மாதம் நூறு ரூபாய் கூடுதல். ஆவணி மாதம் ஒரு நாள் காட்டெருமைக் கூட்டம் தோட்டத்து வழியாகப் போகும்போது தாழ்வாகத் தொங்கிய கேபிளைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. காலை ஏழு மணிக்குப் போன் பண்ணினேன். ஒன்பதரைக்கெல்லாம் ஆபரேட்டரிடம் வேலை செய்யும் தம்பி பைக்கில் வந்துவிட்டான். சாரல் நிற்கவில்லை, நான்தான் குடை பிடித்தேன். கறுப்பு உறையைக் கழற்றி, உள்ளே இருந்த இழையின் மேல்பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தான். துடைத்த கண்ணாடி 125 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவில் வெளிச்சம் ஓடும் பாதை வெறும் 9 மைக்ரான். இரண்டு முனையையும் வெட்டி, டிபன் பாக்ஸ் அளவு மிஷினில் வைத்தான். திரையில் இரண்டு நுனியும் பெரிதாகத் தெரிந்தன. ஒன்றை ஒன்று தேடுவதுபோல மெல்ல நகர்ந்து நேராக நின்றன, ஒரு பொறி, ஒட்டிவிட்டன. "0.02 லாஸ்தான் டீச்சர், சூப்பரா வந்திருக்கு" என்றான். ஒட்டிய இடத்தில் வீணாகும் வெளிச்சத்தைத்தான் லாஸ் என்கிறான். அவன் விரல்கள் குளிரில் வெளுத்திருந்தன. உள்ளே கூப்பிட்டு சூடாக டீ கொடுத்தேன்.

அவனிடம் அன்று நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். லைன் போட்டு முடித்ததும் மீட்டரில் வெளிச்சத்தின் பவர் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள். மைனஸ் 20 சுமாரில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-க்கும் கீழே போனால் மோடம் தடுமாறும். பாதி நேரம் எங்கோ வயர் மடங்கி இருப்பதுதான் காரணம், பீரோவுக்குப் பின்னால் நசுங்கினாலும் போதும். ஸ்பீடைச் சோதிப்பது என்றால் ராத்திரி எட்டு மணிக்குச் சோதி. ஒரு ஃபைபரை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள், அந்த நேரத்தில்தான் எல்லோரும் டி.வி. முன்னால் இருப்பார்கள். ஆபரேட்டர் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் நெட் எல்லோருக்கும் போதுமா என்பது அப்போது தெரிந்துவிடும். வைஃபையில் சோதிக்காதே. உங்கள் வீட்டுக் கல் சுவர் அரை கை அகலம், சிக்னலைப் பாதி அதுவே தின்னும். லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டிப் பார்.

இன்னொன்று. மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்த அன்று, இரண்டு கம்பெனி லைன் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் போய்விட்டது. கம்பெனி வேறு வேறாக இருந்தாலும் கேபிள் வந்த ரோடு ஒன்றுதான். எங்கள் ஆபரேட்டருக்கு குன்னூர் வழியாகவும் லைன் இருந்ததால் ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்த மலை இது. ரோடு உடையாத வருஷம் இங்கே எது? ஆகவே இணைப்புக் கொடுக்க வருகிறவரிடம் "உங்கள் லைன் எந்த ரோட்டில் ஏறி வருகிறது, இன்னொரு வழி இருக்கிறதா" என்று கட்டாயம் கேள். கரண்ட் போனால் லைனைப் பிரித்துக் கொடுக்கும் அவருடைய பெட்டிக்கு பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்றும் கேள். நம் வீட்டு மோடத்துக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று போதும். ஆனால் அவர் பெட்டி அணைந்துவிட்டால் நம்முடையது எரிந்து என்ன பயன்?

உன் மகள் ஏர்ஃபைபர் பற்றியும் எழுதியிருக்கிறாள். ஜியோ 2023 விநாயகர் சதுர்த்தியை ஒட்டித் தொடங்கியது, ஏர்டெல்லும் அதே வருஷம். கேபிளே வேண்டாம், டவரில் இருந்து 5ஜி-யில் வருகிறது. மூடுபனி வந்தால் அது நின்றுவிடும் என்று இங்கே பலர் சொல்வார்கள், அது சரியில்லை. அந்த அலைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. மறைப்பது மலைதான். உங்கள் வீடு சரிவில் கீழே இருக்கிறது, நடுவே அந்தத் தேயிலை மேடு. ஏணி வைத்துக் கூரை உயரத்துக்கு ஏறி, டவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல். தெரிந்தால் ஃபைபருக்குத் துணையாக அதை வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வேறு கம்பெனி சிம் ஒன்றைப் போனில் போட்டு வைத்தால் போதும்.

என்னைக் கேட்டால், கட்டபெட்டில் உங்கள் வரிசையில் இருக்கும் நாலு வீட்டில் விசாரித்து, போன மழையில் யாருடைய லைன் சீக்கிரம் திரும்பியதோ அதையே எடு. 50 எம்.பி.பி.எஸ். போதும், மாதம் நூறு இருநூறு ரூபாய் கூடுதலானாலும் யோசிக்காதே. வேலையை நம்பி அந்தப் பெண் சென்னையை விட்டு வருகிறாள், அவள் வருஷக்கணக்கில் உன்னோடு இருக்க வேண்டும் என்றுதானே இத்தனையும்.

பூச்சு வேலை எப்போது? சுவர் பூசுவதற்கு முன்னால், ரோட்டுப் பக்கத்து ஜன்னலில் இருந்து அவள் மேஜை போடப் போகும் மூலை வரை ஒரு முக்கால் இன்ச் பைப்பைப் பதிக்கச் சொல்லு. வளைவுகளை அகலமாக வைக்கச் சொல், செங்குத்தாக ஒடிக்க வேண்டாம். மேஜை எந்த மூலை என்று அவளிடம் கேட்டு எனக்கு ஒரு வரி எழுது. ஞாயிற்றுக்கிழமை நானே போய் மேஸ்திரியிடம் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிட்டு வருகிறேன்.

உன்
மலர்விழி