எண்ட்ரின் என்று எழுதிய பாட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஞாயிறு இணைப்பில், பரணில் கிடக்கும் பழைய விஸ்கி பாட்டில்கள் லட்சக்கணக்கில் விலைபோவதாக ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மறுநாள் விடிந்ததும் கோயம்புத்தூரிலிருந்து என் மகள் வயிற்றுப் பேரன் கைபேசியில் அழைத்தான். "அம்மாயி, அந்த எண்ட்ரின் பாட்டில் இன்னும் இருக்கிறதா?" நலமா, சாப்பிட்டாயா என்ற பேச்சே இல்லை.

எண்ட்ரின் பாட்டில் இருக்கிறது. அதற்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிட்டுக் கட்டுரைக்கு வருகிறேன்.

என் மாமனார் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். வெற்றிலைகூடப் போடமாட்டார். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது ஆளுக்கொரு பொருளாகக் கொடுத்தாராம். சமையற்காரருக்குக் கடிகாரம், டிரைவருக்குக் கம்பளிக் கோட்டு, மாமாவுக்கு ஒரு முழு பாட்டில் விஸ்கி. மறுத்தால் மரியாதையாக இருக்காது. வாங்கினால் ஜெயில். 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டிருந்தது. துரைமாருக்கு பர்மிட் உண்டு, கணக்கப்பிள்ளைக்கு ஏது? தகரப் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே பாட்டிலைச் சுற்றிவைத்து, நாற்பது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் மடியில் பிடித்தபடி இறங்கியதாக மாமா சொல்வார். ஆழியாறு வந்துதான் மூச்சு விட்டாராம்.

வீட்டில் அத்தை அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, காப்பியிங் பென்சிலால் 'எண்ட்ரின் - விஷம்' என்று எழுதவைத்து, நெல் குதிருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். பருத்திக்கு எண்ட்ரின் என்ற பூச்சிமருந்து அடித்த காலம் அது. யாரும் கிட்டே போகமாட்டார்கள். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது குதிரடியிலிருந்து அட்டாலிக்கு ஏறியது. காகிதம் மட்டும் பிரிக்கப்படவில்லை.

பேரனின் தொல்லை தாங்காமல் அதைப் பிரித்தேன். ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். சதுரப் பாட்டில். லேபிள் சாய்வாக ஒட்டப்பட்டிருக்கிறது. ஜானி வாக்கர், ரெட் லேபிள், ஸ்காட்லாந்தின் கில்மார்நாக் ஊர். வெளிச்சமே படாததால் சிவப்பு நேற்று அச்சடித்ததுபோல் இருக்கிறது. அத்தையின் பயம் செய்த உபகாரம்.

ஆண்டு எங்கும் போடவில்லை. ஆனால் தேடினால் கிடைக்கிறது. மில்லி என்ற சொல்லே இல்லை. 26⅔ அவுன்ஸ் என்றிருக்கிறது. அந்த மூன்றில் இரண்டு என்ன கணக்கு என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் குழம்பினேன். இங்கிலாந்து காலனுக்கு 160 அவுன்ஸ். ஆறால் வகுத்தால் 26⅔. ஆறு பாட்டில் சேர்ந்தால் ஒரு காலன், அவ்வளவுதான். '70 புரூஃப்' என்பதைப் பார்த்துப் பேரன் எழுபது சதவீதச் சாராயம் என்று வாய் பிளந்தான். பழைய பிரிட்டிஷ் அளவில் 100 புரூஃப் என்பதே 57 சதவீதம்தான். எழுபதுக்கு நாற்பது வருகிறது, இன்று கடையில் விற்பதன் அதே காரம்.

துப்புக் கொடுத்தது அரச முத்திரைக்குக் கீழே இருந்த பொடி எழுத்து. 'காலஞ்சென்ற ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு' இந்தக் கம்பெனி விஸ்கி வழங்கியது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. அந்த மன்னர் இறந்தது 1952 பிப்ரவரி 6. ஆகவே லேபிள் அதற்குப் பிந்தியது. மன்னர் இறந்தபின் அவர் பெயரை ஒரு கம்பெனி சில வருஷத்துக்கு மேல் போட்டுக்கொள்ள முடியாது. துரை போன வருஷந்தான் மூத்தவன் பிறந்தான் என்று அத்தை அடிக்கடி சொல்வார். மூத்தவன் என்பது என் கணவர்; பிறந்தது 1954. லேபிளும் அத்தையும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். எனக்கு அன்று ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பேரனுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவன் கேட்டது, "எவ்வளவு தேறும்?"

இங்கேதான் உங்கள் கட்டுரை மேல் எனக்கு வருத்தம். எழுபது வருஷ பாட்டில் என்றால் எழுபது வருஷ விஸ்கி என்று நினைக்கும்படி எழுதிவிட்டீர்கள். விஸ்கிக்கு வயது ஏறுவது மரப்பீப்பாயில் இருக்கும்வரைதான். கண்ணாடிக்குள் வந்த நாளோடு அது நின்றுவிடுகிறது. குதிரில் கிடக்கும் நெல் முளைவிடுமா? நீங்கள் எடுத்துக்காட்டிய மெக்காலன் 1926 என்ற ஸ்காட்லாந்து விஸ்கி, அறுபது ஆண்டு பீப்பாயில் கிடந்து 1986இல் பாட்டிலுக்கு வந்தது. மொத்தமே நாற்பது பாட்டில். அதில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. எங்கள் வீட்டில் இருப்பது உலகமெங்கும் பெட்டி பெட்டியாகப் போன ரெட் லேபிள். இந்த வயது பாட்டில்கள் ஸ்காட்லாந்து ஏலங்களில் சில நூறு பவுண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அதுவும் முழுசாக இருந்தால். எங்களுடையதில் கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை குறைந்திருக்கிறது. யாரும் திறக்கவில்லை, மூடி வழியே ஆவியாகப் போயிருக்கிறது. நின்றவாக்கில் வைத்ததால் இதாவது மிஞ்சியது. ஒயினைப் படுக்கவைப்பது போல இதையும் படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்து வெளியே வந்துவிடுமாம்.

கட்டுரையைப் படித்துவிட்டு என் வீட்டுக்கே ஓர் ஆள் வந்தார். பேரன் யாரிடமோ படத்தைக் காட்டியிருக்கிறான். பைக்கை வாசலில் நிறுத்தி, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பாட்டிலைக் கையில் எடுத்தார். வெயிலில் தூக்கி நிறத்தைப் பார்க்கவில்லை. எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல நெருடிப் பார்த்தார். மூடியை வருடினார். அடிப்பக்கத்தை இரண்டு படம் எடுத்துக்கொண்டார். பிறகு, "உள்ளே இருப்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. லேபிளும் மூடியும் சேதமில்லாமல் காலி பாட்டிலாகக் கொடுத்தால் மூவாயிரம் தருகிறேன்" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் ஊர்ப் பால் சங்கத்தில் டெஸ்டராக இருந்தவள் நான். நல்ல பெயருள்ள வீட்டுக் கேனை இரவல் வாங்கித் தண்ணீர்ப் பாலைக் கொண்டுவந்து ஊற்றியவர்களைத் தினமும் விடியற்காலையில் பார்த்தவள். காலிக் கேன் எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோர்ச் செம்பை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தேன்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2017இல் சுவிட்சர்லாந்து ஹோட்டல் ஒன்றில் 1878ஆம் ஆண்டு மெக்காலன் என்று சொல்லி ஒரு வாய் விஸ்கியைப் பத்தாயிரம் பிராங்குக்கு விற்றார்கள். சோதித்தால் அது 1970களின் தொடக்கத்தில் வடித்த சரக்கு. மறு ஆண்டு ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்றில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 பொய். 1950, 60களில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தார்கள் அல்லவா, அதில் உண்டான கதிரியக்கக் கரிமம் காற்றில் கலந்து வாற்கோதுமையிலும் ஏறியிருக்கிறது. அதை அளந்தால் எப்போதைய தானியம் என்று தெரிந்துவிடுகிறது. பாலில் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் என் லேக்டோமீட்டர் செய்த வேலையை அங்கே அணுகுண்டு செய்கிறது.

இன்னொன்றும் உங்கள் கட்டுரையில் விட்டுப்போயிற்று. உரிமம் இல்லாமல் நம் மாநிலத்தில் யாரும் மது விற்கக்கூடாது, அது எவ்வளவு பழசானாலும். அதைச் சொல்லும் சட்டம் எது தெரியுமா? மாமா மடியில் பிடித்துக்கொண்டு பயந்தாரே, அதே 1937ஆம் ஆண்டுச் சட்டம். திருத்தித் திருத்தி இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கட்டுரையை நம்பி விற்கப்போகிறவர்கள் வழக்கில் மாட்டினால் ஞாயிறு இணைப்பைக் காட்டித் தப்பிக்க முடியாது.

ஆகவே அடுத்த ஞாயிறு, அரைப் பக்கம் வேண்டாம், பெட்டிச் செய்தியாக இதைப் போடுங்கள்: காலி சீமைப் பாட்டிலைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறவர்கள் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டு, மூடியை ஆணியால் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போடட்டும். டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு அரசாங்கம் பத்து ரூபாய் திருப்பித் தருகிறது. லேபிள் சேதமில்லாத சீமைக் காலிக்கு ஒருவர் மூவாயிரம் தருகிறார் என்றால் மீதி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எதற்கு என்று படிப்பவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் பாட்டிலைத் திரும்பவும் அதே பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பென்சில் எழுத்து வெளியே தெரியும்படி அட்டாலியில் வைத்துவிட்டேன். பேரனுக்குக் கோபம். இரண்டு வாரமாகப் பேசவில்லை. தோப்புத் தேங்காய் போட்டதும் வருவான்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உங்கள் பார்வைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். தயவுசெய்து அச்சில் போட வேண்டாம். பாட்டில் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஆனைமலை வட்டாரம்